சுண்ணாம்புப் பொட்டு வைத்த பலா

சம்பூர்ணத்தைத் தர்மராஜ் கட்டிக்கொண்டதே அவள் விரல் முட்டிக்காகத்தான் என்று செங்கல்பட்டு ராட்டினக் கிணறு பக்கத்தில் ஒரு கேலி உண்டு. கேலியில் பாதிக்கு மேல் உண்மை.

செய்யூரில் அவள் அப்பா மரவாடி வைத்திருந்தார். சவுக்கும் பனையும்தான் அன்றாட வியாபாரம். உள்கொட்டகையில் பலா, வேங்கை, தேக்கு என்று கொஞ்சம் நல்ல மரமும் கிடக்கும். தர்மராஜ் அங்கே முதன்முதலாக வந்தது ஒரு கையகல மரத்துண்டுக்காக. அவன் வாசித்த வாத்தியம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். தரையில் ஊன்றி, பக்கத்தில் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். பேஸ் என்பது அதன் பெயர். ஊரார் அதற்கு ஆனைப் பிடில் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் தந்திகளைத் தாங்குகிற குதிரை உடைந்து போயிருந்தது.

அன்று மரவாடியில் அப்பா இல்லை. தாவணி போட்ட பெண் ஒருத்தி ஏழெட்டுத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து முட்டியால் தட்டிப் பார்த்து, ஒன்றை நீட்டினாள்.

"இத்த வச்சிப் பாருங்க. மத்ததெல்லாம் தூங்குது."

அந்தக் குதிரையை வைத்த பிறகு ஆனைப் பிடில் பேசிய பேச்சே வேறு. அடுத்த வாரம் இன்னொரு துண்டு வேண்டும் என்று வந்தான். மூன்றாம் முறை வந்தபோது மரம் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடம் பெண்ணைக் கேட்டான்.

அது ஐம்பத்து மூன்றில். ஐந்து வருஷமாக அவர்கள் குடித்தனம் நன்றாகவே நடந்தது. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் சட்டைக்காரர்களின், அதாவது ஆங்கிலோ-இந்தியர்களின், நடன பேண்டை நடத்திய மாஸ்டர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது தர்மராஜுக்கு விட்டுப்போன சொத்து அந்த ஆனைப் பிடில். சினிமாப் பாட்டு ஒலிப்பதிவுக்கு ஆள் தேவைப்படும் நாட்களில் அதை ரயிலின் கார்டு பெட்டியில் ஏற்றிக்கொண்டு பட்டணம் போவான். பிளாட்பாரத்தில் யாராவது ஒருவன், "இன்னா அண்ணாத்த, உள்ள யாரு, செத்துட்டாங்களா?" என்று கேட்காத நாள் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அழைப்பு வந்தால் அது நல்ல வாரம்.

ஐம்பத்தெட்டு தீபாவளி கழிந்ததும், ஸ்டூடியோவுக்கு வாத்தியக்காரர்களைச் சேர்த்துக் கொடுக்கும் சாரங்கபாணி அவனைத் தனியே கூப்பிட்டார்.

"ஓய் தர்மராஜ், பம்பாய்ல புதுசா ஒண்ணு வந்திருக்கு. கிதார் மாதிரி தோள்ல மாட்டிண்டு வாசிக்கற பேஸ். கரண்டுல பேசறது. நம்ம முதலாளிக்கு அது வேணுமாம். யார் கொண்டு வராளோ அவாளுக்கு நிரந்தரமா ஒரு நாற்காலி. மாசி மகத்தன்னிக்கு மகாபலிபுரத்துல நம்ம பார்ட்டி கச்சேரி இருக்கு. அதுக்குள்ள உம்மால முடியுமானு பாரும்."

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழியில்லை. பேண்டு மாஸ்டர் விட்டுப்போன பழைய காகிதக் கட்டில் ஒரு விலைப்பட்டியல் கிடந்தது. அதில் அந்த வாத்தியத்தின் படம் உள்ளங்கை அளவுக்கு, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இருந்தது. அந்த இரண்டு படங்களை நம்பி அதை இங்கேயே செய்துவிடுவது என்று தர்மராஜ் முடிவு கட்டினான்.

கரண்டு வேலை ரேடியோ ரிப்பேர் கடை அம்பியுடையது. பழைய காந்தம் ஒன்றின் மேல் தலைமுடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி ஒரு சின்னப் பெட்டி செய்தான். தந்தியின் துடிப்பை அந்தப் பெட்டி உணர்ந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். தந்திக்கு இன்ஸ்டிட்யூட்டில் கரையான் தின்றுகொண்டிருந்த பியானோவிலிருந்து நான்கு தடித்த கம்பிகளைக் கழற்றினார்கள். மர வேலைக்குத் தச்சர் செங்கல்வராயன் வந்தார்.

"கரண்டு தானே பாடப்போவுது? அதுக்கு இன்னாத்துக்கு நல்ல மரம்? பொணப் பொட்டி அடிக்கிற பலகை போதும்" என்றார் அவர்.

"சரியாச் சொன்னேள்" என்றான் அம்பி. "காந்தம் கம்பியைத்தான் கேக்கும். மரத்தைக் கேக்காது."

ஈர்க்குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்த தர்மராஜ் மனைவியைப் பார்த்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். அவளுக்கு அது போதும்.

"கம்பி அந்தரத்துலயா நிக்குது? மரத்தைப் புடிச்சிகினுதானே நிக்குது" என்றாள் சம்பூர்ணம். "சேத்துல நின்னு ஆடுறவளும் கட்டாந்தரையில நின்னு ஆடுறவளும் ஒண்ணா? கொலுசு ஒண்ணாவே இருந்துட்டுப் போவட்டுமே."

சோதித்தே பார்த்துவிடலாம் என்று அம்பி எழுந்தான். ஒரே நீளத்தில் ஐந்து பலகைகள். ஒவ்வொன்றிலும் அதே பியானோக் கம்பியை இரண்டு ஆணிக்கு நடுவே அதே சுருதிக்கு முறுக்கி, அதே காந்தப் பெட்டியை அடியில் வைத்து, ரேடியோவில் கோத்துத் தட்டினார்கள். மாம்பலகையில் நாதம் பஞ்சு மூட்டைக்குள் விழுந்த கல் மாதிரி அடங்கிவிட்டது. சவுக்கு கணீரென்று ஆரம்பித்து, நடுவில் ஒரு கரகரப்பு. தேக்கு ஒழுங்காகப் பேசியது, ஆனால் வறட்டுக் குரல். பலாவைத் தட்டியபோது செங்கல்வராயன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். ஸ்பீக்கரிலிருந்து வந்தது உருண்டையாக, வெதுவெதுப்பாக, அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. கடைசியில் வேங்கை. இனிமை கொஞ்சம் குறைவுதான். ஆனால் தட்டிய நாதம் போகவே இல்லை. அம்பி ஒரு பீடி பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுக்கும் வரை நின்று பேசியது.

"ஒடம்பு பலா, கழுத்து வேங்கை" என்றாள் சம்பூர்ணம். "கழுத்துதான் கம்பியோட இழுப்பத் தாங்கணும். அதுக்கு வேங்கைதான் லாயக்கு. கொரலுக்குப் பலா."

"அம்மாடி! ஜட்ஜு தீர்ப்பு சொல்லிட்டாங்கப்பா" என்று சிரித்தான் தர்மராஜ். அன்றே மாமனாருக்குக் கார்டு எழுதினான். வாத்தியத்தின் உடம்புக்கு ஒரு பலாக்கட்டை, கழுத்துக்கு ஒரு வேங்கைப் பலகை.

பத்து நாளில் இரண்டும் வேர்க்கடலை லாரியில் வந்து இறங்கின. பின்னாலேயே ஒரு கார்டும் வந்தது. தர்மராஜ் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு, 'மரம் அனுப்பியிருக்காராம்' என்று சொல்லி, மற்றக் காகிதங்களோடு அதைக் கம்பியில் குத்தி வைத்தான்.

மறுநாளே சாரங்கபாணி வந்து சேர்ந்தார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க இறங்கினார். நாற்காலியில் அவர் உட்கார, செங்கல்வராயனும் தர்மராஜும் நின்றார்கள். சம்பூர்ணம் காபி கொடுத்துவிட்டு உள்வாசற்படியில் நின்றாள்.

அவர் விலைப்பட்டியலை மூக்குக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பார்த்தார். பின்பக்கப் படத்தில், கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் நான்கு திருகாணிகள் பளிச்சென்று தெரிந்தன.

"என்ன ஓய் இது, கட்டில் காலா? ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கான்!" அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "வீணையில எது ஒசத்தி? ஏகாண்டம். குடமும் தண்டியும் ஒரே மரத்துல கடைஞ்சது. ஒட்டுப் போட்டா நாதம் ஒட்டுல நின்னு மூச்சு வாங்கும். வெள்ளைக்காரன் மிஷின்ல பண்றான், அவனுக்கு வேற வழியில்லை. நமக்கு என்ன கேடு? ஏகாண்டமாப் பண்ணும். அப்பறம் பாரும், பம்பாய்க்காரன் வந்து உம்ம கால்ல விழுவான்."

தர்மராஜின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. படி ஓரத்தில் கிடந்த பலாக்கட்டை ஆள் நீளம் இருந்தது. உடம்பும் கழுத்தும் சேர்த்தே எடுக்கலாம்.

"வீணைத் தண்டி எம்மாம் பருமன்" என்றாள் சம்பூர்ணம் படியிலிருந்து. "இதும் கழுத்து கைப்பிடிக்குள்ள அடங்கணும். அதுல பியானோக் கம்பி நாலு இழுக்கப்போவுது. பலா தாங்காதுங்க. வேங்கைய வச்சி ஸ்குரூவே போட்டுக்கலாம்."

சாரங்கபாணி திரும்பி அவளைப் பார்த்தார். ஒரு புருவம் உயர்ந்தது. அந்தப் புருவத்துக்குத் தர்மராஜ் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

"மரவாடியில தூள் வாரிக் கொட்டினவ சார் இவ. நாதத்தப் பத்திச் சொல்ல வந்துட்டா. நீ போய் அடுப்பப் பாரு."

சாரங்கபாணி சிரித்தார். பெரிய மனுஷர் சிரித்தால் சிரிப்பது மரியாதை என்று செங்கல்வராயனும் சிரித்தார். எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிகமாகத் தர்மராஜ் சிரித்தான்.

சம்பூர்ணம் போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. குளிர்ந்த சாம்பலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தத் தூளில் நின்றுகொண்டுதான் அவன் அவளை வாய் பிளந்து பார்த்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

காலையில் செங்கல்வராயன் ரம்பத்தோடு வந்தார். பலாக்கட்டையைப் புரட்டியபோது இரண்டு தலைப்பிலும் எட்டணா அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது. சுண்ணாம்பு.

"அடடே, திருஷ்டிப் பொட்டு வச்சி அனுப்பிச்சிருக்காரு ஒம் மாமனாரு!" என்றார் செங்கல்வராயன். தர்மராஜுக்கு மனசு நிறைந்துவிட்டது. உள்ளே போய்க் குங்குமம் எடுத்துவந்து, சுண்ணாம்புப் பொட்டுக்கு நடுவில் இன்னொரு பொட்டு வைத்துக் கும்பிட்டான்.

துணி உலர்த்த வந்த சம்பூர்ணம் அதைப் பார்த்தாள்.

அவள் அப்பாவின் மரவாடியில் சுண்ணாம்புப் பொட்டுக்கு ஒரே அர்த்தம்தான். காற்றுக்கோ வெயிலுக்கோ வாழ்நாளெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே வளர்ந்த மரம் அது. பார்க்க நன்றாக இருக்கும், தட்டினால் இனிமையாகப் பேசும். குடைவதற்கும் கடைவதற்கும் குறைவில்லை. உரலுக்கு ஆகும், மத்தளத்துக்கு ஆகும். பாரம் மட்டும் ஏற்றக் கூடாது. நீட்டி இழுத்தால் அது தன் பழைய சாய்மானத்துக்கே திரும்பிவிடும். பாரம் தாங்குகிற மரத்துக்குக் காவிக் கோடு. திண்ணென்று சுவரில் சாய்ந்திருந்த வேங்கைப் பலகையின் தலைப்பில் அந்தக் காவிக் கோடு இருந்தது. அப்பா தவறு செய்யவில்லை. உடம்புக்கு என்று கேட்டார்கள். உடம்புக்கு ஆகிற மரத்தை அனுப்பினார்.

ஈரத்துணி அவள் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள்.

"இன்னாம்மா, அறுக்கலாமா? நல்ல நேரந்தானே?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

"அவள இன்னாத்துக்குக் கேட்டுகினு? நீ அறு நைனா" என்றான் தர்மராஜ்.

சம்பூர்ணம் வாயை மூடிக்கொண்டாள். துணியை உதறிக் கொடியில் போட்டாள். ரம்பத்தின் முதல் இழுப்பில் பொட்டு பாதியாகப் பிளந்தது.

அவள் கணக்கு இதுதான்: கம்பி ஏற்றினால் ஒரு வாரத்தில் கழுத்து வளையும். வீட்டுக்குள்தானே வளையப்போகிறது. அவன் விழிப்பான். அவளிடம் வருவான். 'இன்னா சம்பூர்ணம், இப்புடி ஆயிடுச்சே' என்று கேட்பான். அப்போது வேங்கைப் பலகையை எடுத்து அவன் முன்னால் வைக்கலாம். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். பலகையைச் சாக்கில் சுற்றிக் கட்டிலடியில் தள்ளினாள்.

தை பிறந்ததும் வாத்தியம் தயாராகிவிட்டது. மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி இருந்தது பலா. வீணைக்கு வைப்பதுபோலப் பித்தளை மெட்டுகள். உள்ளே குடையாத கெட்டி உடம்பு. ஆகவே கரண்டு இல்லாமல் தட்டினால் கொசு பாடுவதுபோலத்தான் கேட்கும். ஆனால் தர்மராஜ் ஒரு வித்தை கண்டுபிடித்தான். அதன் கோடியை வாசல் நிலையில் அழுத்தி வைத்துக்கொண்டு தட்டினால், நிலை பேசியது. நிலையிலிருந்து உத்தரம், உத்தரத்திலிருந்து பரண். பரணில் சம்பூர்ணத்தின் பித்தளைக் குடங்கள் ஒவ்வொன்றாக முனகத் தொடங்கும்.

"கேளு, கேளு! வூடே பாடுது பாரு!" என்று அவன் கத்துவான்.

அவளும் அடுப்படியில் நின்று கேட்டாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு வாரம் போயிற்று, கழுத்து வளையவில்லை. இரண்டு வாரம் போயிற்று. அவன் கடைக்குப் போகும்போது அவள் வாத்தியத்தை எடுத்து, அப்பா உத்தரத்தைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பார்ப்பாள். நேராக இருந்தது. ஒருவேளை அப்பாவின் பொட்டுத்தான் பொய்யோ என்றுகூட நினைத்தாள். பதினேழாம் நாள் பார்த்தபோது நடுவில் ஒரு நூல் அளவு பள்ளம் தெரிந்தது. ஒரே ஒரு நூல்.

அன்று மாலை அவன் பட்டணத்திலிருந்து வந்து, கோடம்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்ததாகச் சொன்னான். வீட்டுக்குள்ளேயே குழாயாம். சமையலறையில் ஜன்னலாம். "புகையில கண்ணு எரியுதுன்னு இனிமே நீ மூக்கு சிந்த வேணாம்" என்றான். ஜன்னல் எவ்வளவு பெரியது என்று கையை விரித்துக் காட்டினான். விரித்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு நூல் பள்ளத்தைப் பற்றி எப்படிச் சொல்வது?

மாசி மகத்தன்று காலை இருவரும் பஸ் ஏறினார்கள். வாத்தியத்துக்கு அவள் பழைய புடவை ஒன்றை உறையாகத் தைத்திருந்தாள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது அவன் இறங்கிப் போய், ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து அவள் மடியில் போட்டான். பஸ் மறுபடி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னான்:

"அன்னிக்கு அவரு எதுர்ல நான் அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது. தூள் வாரினவன்னு."

அவள் மல்லிகைச் சரத்தின் நாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மனசுல வச்சிக்காத, இன்னா?"

"இல்ல" என்றாள்.

சொல்லியிருக்கலாம். பஸ்ஸிலிருந்து இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஆனைப் பிடிலை எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். அவன் மன்னிப்பு கேட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்று ஒரு சாயங்காலம் தாங்கிவிட்டால் போதும், நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்று திருக்கழுக்குன்றத்து மலையைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மலை பின்னால் போய்விட்டது.

மகாபலிபுரத்துக் கடற்கரையில் மணல் தெரியவில்லை, அவ்வளவு ஜனம். விடியற்காலையில் கடலாடியவர்கள் அங்கேயே சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். கடற்கோயிலுக்கு வடக்கே, கிழக்கும் மேற்கும் திறந்தபடி ஒரு தென்னங்கீற்றுப் பந்தல். வாத்தியக்காரர்கள் பகல் இரண்டு மணிக்கே தங்கள் சாமான்களை எடுத்து வைத்து, சுருதி சேர்த்து, தயாராக இருக்க வேண்டும் என்று சாரங்கபாணி சொல்லிவிட்டார். கச்சேரி நாலரை மணிக்கு. இரண்டரை மணி நேரம் பலா மேற்கு வெயிலில் கிடந்தது. கிழக்கேயிருந்து உப்புக் காற்று. முறுக்கி ஏற்றிய நான்கு பியானோக் கம்பிகள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தன.

பெண்கள் பக்கம் முதல் வரிசையில் சம்பூர்ணம் உட்கார்ந்தாள். மைக் செட்டு பக்கத்தில் அம்பி.

முதல் பாட்டு வந்தது. பலா பேசிய முதல் ஸ்வரத்திலேயே கூட்டம் ஒரு கணம் அசையாமல் நின்றது. அந்த ஜனம் அதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. காதில் வருவதற்கு முன்னால் மணலில் வந்தது. உட்கார்ந்திருந்தவர்களின் தொடையில் வந்தது. மடியில் தூங்கிய குழந்தை ஒன்று கண் விழித்து அழாமல் பார்த்தது. சாரங்கபாணி தர்மராஜைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தர்மராஜ் கூட்டத்தில் மனைவியைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தான். சம்பூர்ணமும் சிரித்தாள். அந்த ஒரு பாட்டு நேரம் அவள் எல்லாவற்றையும் மறந்திருந்தாள் என்பதுதான் பிறகு அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

இரண்டாம் பாட்டின் நடுவில் அவன் புருவம் சுருங்கியது. சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. பாட்டு முடிந்ததும் முறுக்காணியைத் திருகி ஏற்றினான். மூன்றாம் பாட்டில் மறுபடி இறங்கியது, மறுபடி ஏற்றினான். முறுக்க முறுக்கக் கம்பியின் இழுப்பு கூடியது, இழுப்பு கூடக் கூடக் கழுத்து வளைந்தது, வளைய வளையச் சுருதி இறங்கியது. கம்பிகள் மெட்டுகளை விட்டு எழும்பி நின்றன. அழுத்திப் பிடித்தால் ஸ்வரம் மேலே ஓடியது, விட்டால் கீழே விழுந்தது. முதல் வரிசையிலிருந்து சம்பூர்ணத்துக்குக் கண்ணாலேயே தெரிந்தது. வில் மாதிரி இருந்தது அது.

பாடிக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார். பிடில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூட்டத்தின் கோடியில் ஒருவன், "யோவ், எருமைக்கு இன்னாய்யா ஆச்சு?" என்று கத்தினான், அங்கே பெரிய சிரிப்பு. சாரங்கபாணி முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார். அம்பி தயங்கினான். பிறகு ஒயரைப் பிடுங்கினான்.

மேடையை விட்டுப் பாதியில் இறங்கிப் போக முடியாது. அதனால் தர்மராஜ் நின்றான். மீதி ஆறு பாட்டுக்கும் சத்தமே வராத அந்த வாத்தியத்தை மார்பில் மாட்டிக்கொண்டு, விரல்கள் வாசிப்பதுபோல அசைய, ஜனங்களைப் பார்த்தபடி நின்றான். மனைவி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

கச்சேரி முடிந்ததும் சாரங்கபாணி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

"மரம் உம்மைக் கைவிட்டுடுத்து ஓய். என்ன பண்றது! பம்பாய்லேர்ந்து ஒரு பையன் வரேன்னு எழுதியிருக்கான். பங்குனியில அவனையே வரச் சொல்லிடறேன்."

மறுநாள் செங்கல்வராயன் வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நாப்பது வருஷமா ரம்பம் புடிக்கிறேன். பொட்டு வச்ச மரம்பா! இப்புடி மோசம் பண்ணிடுச்சே!"

பொட்டு என்ற சொல்லைக் கேட்டதும் தர்மராஜுக்கு ஏதோ உறுத்தியது. எழுந்துபோய்க் காகிதக் கம்பியிலிருந்து மாமனாரின் கார்டை உருவினான். இந்தத் தடவை முழுவதும் படித்தான். படித்துவிட்டு, செங்கல்வராயனை அனுப்பிவைத்தான். பிறகு அடுப்படி வாசலுக்கு வந்து, கார்டை நீட்டினான்.

அப்பாவின் கோணல் எழுத்து. 'பலா உடம்புக்கு மட்டும். சுண்ணாம்புப் பொட்டு வைத்திருக்கிறேன். பொட்டு விவரம் சம்பூர்ணத்துக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளவும்.'

"நான் படிக்கல. எம் மேல தப்பு" என்றான். "நீ பொட்டப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அறுக்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

"தெரிஞ்சுகினே கம்முனு இருந்தியா?"

"பலா தாங்காதுன்னு சொன்னேனே. எல்லார் எதுர்லயும் ஒரு வாட்டி சொன்னேனே."

"அத்த நான் கேக்கல. பொட்டப் பாத்தப்புறம்?"

அவள் கட்டிலடியிலிருந்து சாக்குப் பொதியை இழுத்து அவன் முன்னால் வைத்தாள். இந்த ஒரு கணத்துக்காகத்தான் இரண்டு மாதமாக அது அங்கே காத்துக் கிடந்தது. அவன் சாக்கைப் பிரித்து, காவிக் கோட்டை விரலால் தடவினான்.

"எம் மேல கோவம் இருந்தா சோத்துல உப்பு அள்ளிக் கொட்டியிருக்கலாம்" என்றான் மெதுவாக. "ஒரு மாசம் பேசாம இருந்திருக்கலாம். ஒங்க நைனா வூட்டுக்குப் போயிருக்கலாம்."

"வூட்டுலயே வளைஞ்சிடும்னு நெனச்சேன்" என்றாள் சம்பூர்ணம். "நீங்க வந்து எங்கிட்ட கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். மரவாடியில் பார்த்ததுபோல வாய் பிளந்த பார்வை அல்ல; புதிதாகக் குடிவந்த அடுத்த வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல.

பங்குனியில் செங்கல்வராயன் வளைந்த கழுத்தை அறுத்தெறிந்துவிட்டு, வேங்கையில் புதுக் கழுத்து இழைத்து, படத்தில் இருந்தபடியே நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். ரேடியோக் கடையில் ஒயரைக் கோத்துத் தட்டிப் பார்த்தபோது, அம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. பலாவின் குரல், வேங்கையின் மூச்சு. சம்பூர்ணம் ஆரம்பத்தில் சொன்னது சொன்னபடி இருந்தது. தர்மராஜ் சாரங்கபாணிக்கு எழுதினான். பதில் வரவில்லை. பம்பாய்ப் பையன் வந்து சேர்ந்துவிட்டதாக வேறு யாரோ சொன்னார்கள். அதன்பின் ஆனைப் பிடிலுக்கும் அழைப்பு நின்றது. ஆனியில் தர்மராஜ் செங்கல்பட்டு கூட்ஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தான்.

அவன் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். ஜுரம் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தான். தெருவில், "தங்கமான மனுசன்" என்றார்கள்.

வேலையிலிருந்து வந்ததும் மாலையில் ஒரு மணி நேரம் அந்த வாத்தியத்தை வாசிப்பான். ஒயர் மாட்டுவதில்லை. சிமெண்டுத் தரையில், கூடத்தின் நட்டநடுவே, கட்டிலில் படாமல், நிலையில் படாமல், எதிலும் சாயாமல் உட்கார்ந்து வாசிப்பான். கம்பியில் நகம் படும் கிசுகிசுப்பு மட்டும்தான் அடுப்படிக்கு வரும். பரணில் குடங்கள் சும்மா கிடந்தன. என்ன வாசிக்கிறான் என்று ஐந்து வருஷம் அவனோடு கேட்டுப் பழகிய அவளுக்கே தெரியவில்லை. வாசித்து முடித்ததும் அதைச் சுவரில் ஒரு பெரிய மர ஆணியில் மாட்டிவிடுவான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், அவன் வேலைக்குப் போன பிறகு, அவள் அதை எடுத்தாள். கோடியை வாசல் நிலையில் அழுத்தி வைத்து, தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை தட்டினாள். நிலை பேசியது. உத்தரம் பேசியது. பரணில் குடங்கள் ஒவ்வொன்றாக முனகத் தொடங்கின. வேங்கை அதை விடாமல் பிடித்து வைத்திருந்தது, வெகு நேரம். எல்லாம் ஓய்ந்த பிறகு முந்தானையால் கம்பியைத் துடைத்து, முன்பு இருந்த கோணத்திலேயே, தலை சற்று இடது பக்கம் சாய்ந்திருக்கும்படி, பார்த்துப் பார்த்து மாட்டினாள்.

மறுநாள் காலை கூடம் பெருக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். ஆணிக்கும் வாத்தியத்தின் கழுத்துக்கும் நடுவில் ஒரு துணியை நான்காக மடித்து வைத்திருந்தான். பின்னால் சுவரில் படுகிற இடத்திலும் ஒன்று, வீட்டின் எதிலும் அது படாதபடி. உறை தைத்திருந்த அவளுடைய பழைய புடவையிலிருந்து கிழித்த துணி.